வெள்ளைமூஞ்சியின் கண்ணும் உன் அண்ணன் காதும்

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், மாடு நலம், உன் அண்ணனும் நலமாகிவிடுவார். கடைசியில் சொன்னதை மட்டும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிப்பாய். பதறாமல் முழுவதும் படி.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் முன்பக்க ஜன்னல். அதை ஒட்டித்தான் உன் அண்ணன் கட்டிலைப் போட்டிருக்கிறார். உன்னிடம் நான் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். அந்தக் காதைப் பற்றித்தான் விஷயமே. அதனால் பால் வண்டிக்காரரிடம் கொடுத்து, காதும் காதும் வைத்தாற்போல் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

போன அறுவடைக்கு நீ வந்திருந்தபோது உன் அண்ணனின் தலையணை உறையில் ரத்தப் பொட்டைப் பார்த்தாய். களத்தில் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில், வெயிலில் வந்த காதுப் புண் இத்தனை மாதமாக ஆறாமல் இருப்பது நல்லதில்லை, புற்றாகக்கூட இருக்கலாம் என்று சொல்லிவிட்டாய். அவர், "டவுனுக்குக் குடிபோனா வெயில்கூட வியாதியாயிடும் போல" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். நீ தட்டை அப்படியே வைத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். நீ சொன்னது சரி, சொன்ன இடம்தான் சரியில்லை. அவருக்கோ இடமும் சரியில்லை, பேச்சும் சரியில்லை. அண்ணனுக்கும் தங்கைக்கும் மூக்கு நுனியில் கோபம். நடுவில் நான், மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறேன். நீ ஆசையாக வாங்கி வந்த அகலத் தொப்பியை மறுநாளே சோளக்காட்டுப் பொம்மையின் தலையில் மாட்டிவிட்டார்.

அதற்கப்புறம் மருந்துக்கடைக்காரர் கொடுத்த களிம்புதான் வைத்தியம். பொருக்குத் தட்டினால், "பாத்தியா, ஆறிடுச்சு" என்பார். துண்டை அவிழ்க்கும்போது உரசி மறுபடி ரத்தம் வரும். தலைக்குத் துண்டு கட்டுகிற மனுஷனுக்குத் தலை நிழலில் இருக்கிறது, காது நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் இருக்கிற எனக்கே அது தோன்றவில்லை.

போன வருஷம் உன் தோளில் மச்சம் கருத்தபோது, சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸிலிருந்து லிப்டில் இரண்டு மாடி இறங்கித் தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன் என்றாய். எனக்கு அது கதை கேட்பது போல இருந்தது. இங்கே தோல் டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். அவரும் வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அன்றைக்குப் போனால் ஒரு நாள் வேலை போயிற்று. ஆனால் மாட்டுக்கு ஒன்று என்றால், போன் செய்த அன்றே மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வாசலுக்கு வந்துவிடுவார். இந்த ஊரில் மாடாகப் பிறந்தால் வைத்தியத்துக்குக் குறைவே இல்லை.

நம் வெள்ளைமூஞ்சிக்குக் கண்ணோரம் ஒரு சதை வளர்ந்தது. உன் அண்ணன் துடித்துப்போய்விட்டார். டாக்டரம்மா வந்து, மரத்துப்போக ஊசி போட்டு, அதை அறுத்து எடுத்தார். அதுவரை உன் அண்ணன் மாட்டின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மாட்டின் கண்ணும் இவர் காதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கண்ணோரத்தில் நிறம் இல்லாத மாட்டை வெயில் இப்படித்தான் படுத்தும், சீக்கிரம் பார்த்ததால் தப்பித்தது என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா கை கழுவினார். பிறகு இவரைப் பார்த்தார்.

"மாட்டுக்கு ஒரே வாரத்துல போன் பண்ணிட்டீங்க. உங்க காதுக்கு எப்போ பண்ணப் போறீங்க?" என்றார்.

இவர் ஏதோ சின்னப் புண் என்று இழுத்தார். அதற்கு அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு இன்னதுன்னு சொல்ற உரிமை எனக்கு இல்ல. ஆனா இதே புண்ணு மாட்டுக்கு இருந்தா, நான் பாக்காம ஸ்கூட்டரை எடுக்க மாட்டேன்." நீயும் நானும் தொண்டை வறளச் சொல்லியும் அசையாத மனுஷன், மாட்டோடு சேர்த்துச் சொன்னதும் தோல் டாக்டரிடம் போகப் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

முதல் தடவை போனபோது தோல் டாக்டர் லீவு. இதுதான் சாக்கு என்று விட்டுவிடுவார் என நினைத்தேன். மறு வாரம் அவரே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என்னை எழுப்பினார். காதிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். தோல் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, முகம் கழுவி வந்துதான் மறுபடி எழுதுகிறேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆனால் டாக்டர் கழுத்தை நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, கட்டி எதுவும் இல்லை, பரவினதாகத் தெரியவில்லை என்றார். காது மடலின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறதாம். அப்புறம் அவ்வப்போது வந்து காட்ட வேண்டுமாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கதையே வேறு என்றும் சொன்னார். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இதில் ஒரு கூத்து கேள். அன்று களத்தில் எல்லோரையும்விட சத்தமாகச் சிரித்தாரே டிராக்டர்காரர், அவர் நேற்று வேலியோரம் நின்று, தன் உதட்டுப் புண்ணை ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். நான் என்ன டாக்டரா? வியாழக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவரும் போகிறாராம்.

இனி நான் கேட்க வந்தது. வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் உன் அண்ணன் அங்கே வருகிறார். தனியாகத்தான் வருகிறார். வெள்ளைமூஞ்சியின் கண்ணுக்கு இன்னும் மருந்து போட வேண்டும், பால் கறக்க ஆள் வேண்டும், நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டார். அவர் கலங்குவதை நான் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு காரணமாக இருக்கும். தங்கச்சியிடம் மூச்சுவிடாதே, லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்றும் உத்தரவு. ஆனால் அதே மனுஷன்தான், உன் வீட்டுத் தெருவுக்கு எந்த பஸ் போகும் என்று பால் வண்டிக்காரரிடம் விசாரித்திருக்கிறார்.

நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நில். அன்றைக்கே சொன்னேனே என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை அவரே தினம் தனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நேற்று சோளக்காட்டுப் பக்கம் போனேன். பொம்மை மொட்டைத்தலையோடு நிற்கிறது. தொப்பியைத் துவைத்துப் பைக்குள் வைத்திருக்கிறார். போட்டுக்கொண்டு இறங்கினால் சிரிக்காதே.

முதலில் மாட்டைப் பற்றிக் கேள். கண்ணில் எப்படி வளர்ந்தது, எப்படி அறுத்தார்கள், வலித்ததா, இப்போது தீனி எடுக்கிறதா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்வார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். மாட்டுக் கதை முடிவதற்குள் தன் கதையையும் சொல்லிவிடுவார். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடு. அன்று நீ பாதியில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டையும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிடு.

நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். உன் அண்ணனை உன்னை நம்பி அனுப்புகிறேன். எனக்கு அவர் முழுசாகத் திரும்பி வர வேண்டும். காது ஓரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணி