சாவியோடு வந்த ஐந்து பூசாரியம்மாக்கள்

அன்பு மகன் பூவரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம், முழங்கால் வலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அங்கே சிங்கப்பூரில் நீயும் மருமகள் சத்யாவும் பேத்தியும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் இருக்கச் செல்லியம்மன் பார்த்துக்கொள்வாள். பேத்திக்கு முன்பல் முளைத்துவிட்டதா? இனிப்பைக் குறைக்கச் சொல். விக்கிரமங்கலம் பக்கம் ரெண்டு மழை பெய்து எள்ளுக்கு ஆயிற்று, பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுகிறாய். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நேற்று செவ்வாய்க்கிழமை நம் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாயிற்று. யார் கட்டினார்கள் என்று பிறகு சொல்கிறேன், முதலில் உன்னைத் திட்ட வேண்டியது இருக்கிறது.

போன மாதம் அய்யம்பெருமாள் பெரியப்பா உனக்குப் போன் போட்டாரே, அது உன்னோடு தனியாகப் பேசிய பேச்சு இல்லையப்பா. ஸ்பீக்கரில் போட்டுக் கோயில் வாசலில் வைத்துப் பங்காளிகள் பதினெட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். உன் அப்பாவுக்குப் பிறகு பூசை முறை உன்னுடையது, நீ ஊரில் இல்லாததால்தான் நாலு வருஷமாக நான் செய்கிறேன், அது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அவர் உன்னையே கேட்டார். "தம்பி, வாரிசு நீதான். அம்மாவுக்கும் முடியல. பொம்பள காப்புக் கட்டறது ஊருக்கு ஆகாதுன்னு பேசிக்கறாங்க. எங்க பையன் சுரேஷ்குமாருக்கு விட்டுக் குடுத்துடறியா" என்றார். நீ ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "சரிங்க பெரியப்பா, அம்மாவ நான் இங்க கூட்டிக்கறேன், நீங்களே பாத்துக்கங்க" என்றாய். அப்போது நான் எங்கே இருந்தேன் தெரியுமா? திரை போட்டு அம்மனுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். கொசுவம் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள், அன்றைக்குத்தான் அந்தக் கல்லின் கனம் தெரிந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாய், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுநாளே வாட்ஸ்அப்பில் "அந்த பிளாக்கையும் நிறுத்தும்மா, ஊரே சிரிக்குது" என்று வேறு அனுப்பினாய். நீ அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

படிக்காத உனக்குச் சொல்கிறேன், கேள். உன் அப்பா போன புதிதில் நான் கோயிலில் தனியாக அம்மனோடு பேசிக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்துவிட்டு உன் அத்தை மகள் பானுப்ரியாதான், "அத்த, இத அப்படியே போன்ல எழுதுங்களேன், நாலு பேரு படிப்பாங்க" என்றாள். பத்தாங்கிளாஸ் பெயிலானவள் எழுதி எவன் படிப்பான் என்று சிரித்தேன். அவள் விடவில்லை, பெரம்பலூர் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தவள் எனக்கென்று இணையத்தில் ஒரு பிளாக் திறந்து, தமிழில் தட்டச் சொல்லியும் கொடுத்துவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடிந்து நடை சாத்தியதும் எழுதுவேன். முதன்முதலில் என்ன எழுதினேன் என்றால், நான் அம்மனுக்கு முதல்முதலாகப் புடவை மாற்றிய நாளை எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் திரைக்கு இந்தப் பக்கம் நின்றே கும்பிட்டவள் நான். அன்றைக்கு உள்ளே போய்ப் பழைய புடவையை எடுத்தபோது அவள் தோளிலிருந்து இடுப்புவரை கல்லில் ஒரு வெடிப்பு ஓடுவதைப் பார்த்தேன். இத்தனை காலமும் அதைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு இந்த ஊருக்கு மழையும் பிள்ளையும் கொடுத்திருக்கிறாளே என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை அப்படியே எழுதிவிட்டேன். திரைக்குள் கண்டதைப் பூசாரி வெளியே சொல்லக் கூடாது என்பது முறை. உன் அப்பா என்னிடம்கூட அந்த வெடிப்பைச் சொன்னதில்லை. நான் செய்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சுரேஷ்குமார் மூன்று வருஷம் கழித்து அதைக் கண்டுபிடித்துப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்ட, "ஆத்தாளோட மேனிய ஊருக்கெல்லாம் காட்டிட்டாளே" என்று அவர் கொதித்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தப்பு எனக்கு எதைக் கொண்டுவந்து கொடுத்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எழுதி ஒரு மாதம் ஈ காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் அதன் கீழே நாலு வரி வந்திருந்தது. "அக்கா, எங்க மாரியம்மனுக்கும் முதுகுல இருக்கு. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நானும் பூசாரிதான். வாலிகண்டபுரம் பக்கம்" என்று எழுதிப் பாக்யலட்சுமி என்று பெயர் போட்டிருந்தாள். அதைப் பத்து தடவை படித்தேன். இந்தச் சீமையில் புருஷன் செத்து மணியைக் கையில் எடுத்த பொம்பளை நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே! அடுத்த வாரம் திருமானூர் பக்கத்திலிருந்து வீரம்மாள் அக்கா எழுதினார், எழுபது வயசு, பேத்தியை விட்டுத் தட்டச் சொல்கிறார். ஒன்றரை மணி நேரப் பஸ் தூரத்தில் முப்பது வருஷமாக ஒரு பூசாரியம்மா இருந்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நாமக்கல், திண்டுக்கல், புதுச்சேரி என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். உடம்புக்கு முடியாத நாளில் யார் விளக்கேற்றுவது, சாமி வந்து ஆடுகிற பெண்ணை எப்படித் தணிப்பது என்று எல்லாம் அங்கேதான் பேசிக்கொள்வோம். இன்னொன்றும் கேள். வெள்ளிக்கிழமை நம் கோயிலுக்கு வரும் பெண்கள் என் காதில் சொல்வதையெல்லாம் உன் அப்பாவிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நாலாவது பிள்ளை வேண்டாம் என்று அம்மன் காதில் போடச் சொல்லி ஒருத்தி அழுதாள். ஊர் பேர் இல்லாமல், அவளிடம் கேட்டுக்கொண்டு எழுதினேன். அதற்குக் கீழே நாற்பது பெண்கள் எழுதினார்கள். அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன், முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவள் மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸம்மாவைப் பார்த்து வந்தாள். நான் எதற்காக அந்த மணியைப் பிடித்தேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ வாக்குக் கொடுத்தும் நான் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். கடைசியில் அம்மனிடமே பூக்கேட்பது என்று முடிவாயிற்று. நனைத்த அரளிப் பூவை அம்மனின் ரெண்டு தோளிலும் ஒட்டிவைப்பார்கள், வலது பூ விழுந்தால் நான் காப்புக் கட்டலாம், இடது விழுந்தால் சுரேஷ்குமார். தன் வழக்குக்குத் தானே பூவைக்கக் கூடாது, வெளியூர்ப் பூசாரி ஒருவர் தன் கோயில் சாவியோடு வந்து வைக்க வேண்டும், இது நம் கோயில் வழக்கம் என்று உனக்கே தெரியும். பெரியப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பிளாக்கில் இதை எழுதி, பயமாக இருக்கிறது, எனக்காக உங்கள் அம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை, சத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கூடிவிட்டது. பத்து மணிக்குத் துறையூரிலிருந்து போன் வந்தது, அந்தப் பூசாரியின் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, வர முடியாது என்று. செவ்வாய்க்கிழமை காப்பு, நாளைத் தள்ளவும் முடியாது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது அரியலூர் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து முழங்கால் நோக ஒரு கிழவி இறங்கினார், அவர் பின்னால் நாலு பேர். பாக்யலட்சுமியைத் தவிர ஒருத்தியையும் முகம் பார்த்ததே இல்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் துணையாகச் சும்மா நிற்பதற்காக, ராத்திரி பஸ்ஸெல்லாம் ஏறி வந்திருக்கிறார்கள் பூவரசா! பெரியப்பா "யாரும்மா நீங்கள்லாம்" என்றார். வீரம்மாள் அக்கா, "நாங்க அஞ்சு பேரும் வெளியூர்ப் பூசாரிங்க. ஆளு வரலன்னு பஸ்ஸ விட்டு எறங்கினதுமே சொன்னாங்க. யாரு பூவைக்கணும், நீங்களே சொல்லுங்க" என்றார். ஆம்பளை வேண்டும் என்று சுரேஷ்குமார் குரல் கொடுத்தான். "சாவிதானடா கேட்டா ஆத்தா, மீசையக் கேட்டாளா" என்று கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சொன்னாள், யார் என்று இன்னும் தெரியவில்லை. ஐந்து பேரும் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்கள். ஒன்று பித்தளை, ஒன்று துருப்பிடித்த இரும்பு, ஒன்று நேற்று வாங்கிய பூட்டுச் சாவி மாதிரி பளபள என்று.

பெரியப்பாவே வீரம்மாள் அக்காவைக் கையெடுத்து உள்ளே அழைத்தார், அந்த மனுஷனுக்குக் கோபம் உண்டு, பொய் கிடையாது. அக்கா ரெண்டு பூவையும் ஒட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று, ஒரு பூவும் அசையவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. மற்ற நாலு பேரும் தங்கள் தங்கள் ஊர் அம்மனை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், நம் ஊர்ப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து அவர்களோடு உட்கார்ந்தார்கள். அவர்கள் குரலில் கோயில் நிறைந்துவிட்டது. நானோ அந்த வெடிப்பைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆத்தா, உன் ரகசியத்தைச் சொன்னதற்கு நீ என்னைத் தண்டித்தாலும் சரி, இத்தனை பேரை எனக்குக் கொடுத்துவிட்டாய், போதும் என்று மனசுக்குள் சொன்னேன். சொல்லி முடிக்கவும் வலது பூ விழுந்தது. குலவைச் சத்தம் கோபுரத்தைத் தூக்கிவிடும் போல இருந்தது. பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, "ஆத்தா சொல்லிட்டா, அப்பறம் நாம யாரு" என்று மஞ்சள் கயிற்றை என் கையில் கொடுத்தார். நேற்று காப்புக் கட்டியது நான்தான். திரைக்குள் கண்டதை இனி எழுத மாட்டேன் என்று அவருக்கு நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதைக் காப்பாற்றுவேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இங்கே நான் தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறாய். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலில் எழுதாமல் விட்டேன். மறுநாள் இருட்டுவதற்குள் பதினோரு போன் வந்தது, பாக்யலட்சுமி மாத்திரை கஷாயத்தோடு நேரில் வந்து நின்றாள். நீ ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பேசினாய், நானும் சுகம் என்றேன். உன்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லையடா, உன் பாரம் கொஞ்சம் குறையட்டும் என்றுதான் சொல்கிறேன். சிங்கப்பூருக்குப் பேத்தியைப் பார்க்க வருவேன், ஐந்து நாள் இருப்பேன், அடுத்த வெள்ளிக்கு முன் திரும்பிவிடுவேன். ஆனால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அம்மன் சம்மதித்துவிட்டாள், ஊர் சம்மதித்துவிட்டது, பங்காளிகள் முன்னால் விட்டுக் கொடுத்தவன் நீ. பூ விழுந்ததில் எனக்கு வந்த சந்தோஷம் பாதிதான். மீதி உன் வாயிலிருந்து வர வேண்டும்.

சத்யாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம். மூன்று பேரும் பதினாறும் பெற்று நிறைவாக இருங்கள். இத்துடன் வைத்திருக்கும் விபூதியைப் பூசிக்கொள், கடல் கடந்து போனால் வேலை செய்யாது என்று கேலி பேசாதே. காப்புக் கட்டியதால் நான் ஊர் எல்லை தாண்டக் கூடாது, தபாலில் போடப் பானுப்ரியாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வைகாசி முதல் வெள்ளிக்கிழமை பங்காளிகள் கூடுகிறார்கள், அன்றைக்கு மறக்காமல் பெரியப்பாவுக்குப் போன் போடு, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, முறை அம்மாவுடையதுதான் என்று எல்லாரும் கேட்கச் சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
செல்லியம்மன் கோயில் பூசாரி
வெ. ஆண்டாயி