சக்களத்தியும் இரண்டு மூக்குகளும்

மார்ச் 3, செவ்வாய்

வேனின் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பெட்ரோல் குழாயின் கிளிப் ஆடுவது போலிருந்தது, நன்றாக இறுக்கினேன். வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டு மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். வாடையே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு கையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. பெட்ரோலில் ஊறிய துணி அது. அதிலும் வாடை இல்லை. கேனைத் திறந்து முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

வெங்காயம், வினிகர், என் செருப்பு. எதுவும் எட்டவில்லை. போன மாதம் என்னையும் என் மனைவியையும் படுக்கையில் போட்ட காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மெக்கானிக்கே "சார் மூக்குக்குத் தனியா ஒரு லைசென்ஸ் குடுக்கணும்" என்பான். அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருடம் பீற்றிக்கொண்டவன் நான். தவிர, என் மனைவி இந்த வேனுக்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்தி. அதை வீட்டைவிட்டுத் துரத்த ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருப்பவளுக்கு நானே எடுத்துக் கொடுப்பதா?

ஆனால் பயமாக இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்த வண்டி. இன்ஜின் முன்பக்கத்தில் இல்லை, எங்கள் இரண்டு இருக்கைக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கிறது. உள்ளே பெட்ரோல் கசிந்தால் ஒரு பொறி போதும்.

ஒரு வழி இருக்கிறது. அவள் மூக்கு. ஏறி உட்கார்ந்ததுமே கைக்குட்டையால் மூடிக்கொள்கிற மூக்கு. அவள் முனகாதவரை கசிவு இல்லை.

மார்ச் 6, வெள்ளி

அவள் வீட்டிலேயே செய்து விற்கும் சோப்புப் பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோனோம். வழி நெடுக அவள் வாயையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கைக்குட்டை வெளியே வரவில்லை.

"ஏதாவது வாடை வருதா?" என்று பட்டும்படாமல் கேட்டேன்.

"உங்களுக்கு வருதா?"

"இல்ல."

"அப்புறமென்ன. எனக்கும் இல்ல."

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். அடுத்த ஞாயிறு கைக்குழந்தையோடு வருகிறாள். "அப்பா, டாக்சியெல்லாம் வேணாம். ஸ்டேஷனுக்குச் சக்களத்தியோட வாங்க. என் பொண்ணு முதல்ல ஏறுற வண்டி அதுவாத்தான் இருக்கணும்."

"அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றேன். வாய் சொல்லிவிட்டது. குழந்தையின் கூடையை எங்கே வைப்பது என்று பார்க்கப் போனேன். இன்ஜின் மூடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பின் இருக்கைதான் அதற்குத் தோது. அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கடைக்காரர் ஒரு பெட்டி சோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். "கடைக்குள்ள நிக்க முடியல, தலை வலிக்குது. வாசனையை அப்படியே கவுத்துட்டீங்களாம்மா?" என்றாராம். முகர்ந்து பார்த்தே வாசனைத் தைலத்தின் அளவு சொல்லுகிறவள் என் மனைவி. காரணமே இல்லாமல் என்மேல் எரிந்து விழுந்தாள். பேத்தி வருகிற பரபரப்பு போலும்.

மார்ச் 11, புதன்

குழாய் முழுவதையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. நம்பிக்கையும் இல்லை.

மார்ச் 12, வியாழன்

வீட்டு ஜன்னல்களெல்லாம் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

பின்னறையில் எதிரெதிரே உட்கார்ந்து சோப்புக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தோம். யாரோ கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா. "உள்ள ரெண்டு பேரும் உயிரோட இருக்கீங்களா இல்லையா? தெருவே தீயுதே!"

அடுப்பில் பால் பொங்கி, வற்றி, கருகி, பாத்திரமே செக்கச்செவேலென்று நின்றது. சமையலறை முழுக்கப் புகை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டே போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உனக்குமா?"

"உங்களுக்குமா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெரிய மூக்குக்காரர் ஒண்ணும் சொல்லலையே, அப்ப வண்டி நல்லாத்தான் இருக்குன்னு தைரியமா உக்காந்து வந்தேங்க."

"நான் உன்னை நம்பி ஓட்டிட்டு வந்தேன்டி."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. சோப்பு விஷயம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் சொல்ல வெட்கம். ஐயோ, அந்த வண்டிக்குள் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தோம்?

மார்ச் 13, வெள்ளி

மெக்கானிக் வேனின் கதவைத் திறந்த வேகத்தில் பின்னால் குதித்தான். "சார், யாரும் கிட்ட வராதீங்க. போனைக்கூட எடுக்காதீங்க."

கதவுகளையெல்லாம் திறந்துபோட்டுக் காற்றாடவிட்ட பிறகுதான் மூடியைத் தூக்கினான். நான் இறுக்கினேனே, அதே கிளிப். பழைய ரப்பர் குழாய் தாங்காமல் அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. வண்டி ஓடினால் மட்டும் கசியுமாம். நின்றதும் காய்ந்துவிடும், துணியில் எப்படித் தெரியும்? ஆனால் மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துணி பெட்ரோலைக் குடித்து வைத்திருந்தது.

"இதுலயா சார் ரெண்டு பேரும் போயிட்டு வந்தீங்க?"

என் கையால் நானே இறுக்கினேன். அந்தப் பின் இருக்கையில் கூடை. வேண்டாம், எழுத வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

டாக்சியில் அழைத்துவந்தோம். மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா?" என்று கத்திவிட்டு, போய் கேஸ் சிலிண்டரின் வால்வைத் திருகிப் பார்த்தாள்.

என் மனைவி குழந்தையின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தாள். நானும் முகர்ந்தேன். கதகதப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

புதுக் குழாய், புதுக் கிளிப். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துச் சரி என்றான். மகளும் முகர்ந்து சரி என்றாள். ஆனாலும் சாவியைத் தொட்டுவிட்டு ஆணியிலேயே திரும்ப மாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகள் ஊருக்குக் கிளம்பினாள். ஸ்டேஷனுக்குச் சக்களத்தியில்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகளையும் எதிர்வீட்டு அக்காவையும் மாறி மாறி முகரவைத்து, ஆமை வேகத்தில் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ரயில் நகரும்வரை குழந்தை என் தோளில் கிடந்தாள்.

திரும்பும் வழியில் என் மனைவி சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினாள். "சே, என்னங்க இது நாத்தம்!"

பிரேக்கை மிதித்தேன். சாவியைப் பிடுங்கி, அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். காற்றாடவிட்டுவிட்டு மூடியைத் தூக்கினேன். குழாய், கிளிப், கம்பளித் துணி எல்லாம் காய்ந்து கிடந்தன.

"எந்தப் பக்கம் வந்துச்சு?" என்று கத்தினேன். அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னிடம் வந்து தோளை முகர்ந்தாள். பேத்தி கக்கிய பால் சட்டையில் புளித்துப்போயிருந்ததாம்.

"இங்கதான்" என்றாள். நடுரோட்டில், போகிற வருகிறவர்கள் பார்க்க, அந்தத் தோளைவிட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

எனக்கு இன்னும் வாடை ஒன்றும் வரவில்லை. சட்டையைத் துவைக்கப் போடாமல் வைத்திருக்கிறேன்.