பஞ்சுக் கிட்டங்கிக்குள் நடைப்போட்டி

12.8.1992, புதன் இரவு

இடுப்பை ஆட்டி நடக்கிறான் என்று கடைத்தெருவே சிரிக்கிறதாம். அப்பா அண்ணனுக்கு நடைப்போட்டிப் பயிற்சியே கூடாது என்று சொல்லிவிட்டார்.

“வெளிநாட்டுல கூரைக்கு அடியிலயே நடந்து சாதனை பண்ணுதாங்க, நீயும் வாட்டி” என்று அண்ணன் என்னைப் பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனான். நடைப்போட்டியில் எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். நான் தரையோடு கன்னம் வைத்துப் பார்த்தேன். கடைசிச் சுற்றில் இரண்டு கால்களும் ஒன்றாக எழும்பின.

“ரெண்டும் தூக்கிட்டுண்ணே!”

“ஏட்டி, ஒழுங்காப் பாத்தியா?”

“பாத்தேன்.”

வெள்ளிக்கிழமை மதுரையில் அணித் தேர்வு. இப்படி நடந்தால் நடுவர் வெளியேற்றிவிடுவார்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: “தலையில என்னட்டி பஞ்சு?”

“தலகாணி கிழிஞ்சிருக்குப்பா.”

அப்பா அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சற்றுமுன் அண்ணன் காதருகே வந்து, “காலையில இன்னொரு தடவ பாப்பியா?” என்றான். தலையாட்டிவிட்டேன். அடுத்த அறையில் அப்பா இருமுகிறார்; இன்னும் தூங்கவில்லை, கேட்டிருப்பாரோ.