மேனேஜர் உட்காரும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் இன்றும் சமையலறை ஸ்டூலில் முட்டிக்கொண்டான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்க்கிறான் என்று தங்கை அவனுக்கு வைத்த பெயர் அது. ஒரு நாய் ஒரே ஸ்டூலில் மூன்று முறை முட்டுமா? டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

கால்நடை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிச்சம், இருட்டு தெரியுமாம். உருவம் தெரியாதாம். "வலி ஒண்ணும் இல்லைம்மா. காதும் மூக்கும் நல்லா இருக்கு, சமாளிச்சுக்குவான்."

"படம் எடுக்கப் போற பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

"வேண்டாம்னா கேப்பீங்களா?"

இது ஒரு பதிலா? காரில் உட்கார்ந்து அழுதேன். பின்சீட்டில் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பாலைவனப் பள்ளத்தாக்குப் புத்தகத்துக்கு நான் எடுக்க வேண்டிய புகைப்படம் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி. குறுகலான பாறைப் பிளவுக்குள் உச்சி வெயில் ஒற்றைத் தூணாக இறங்க வேண்டும். பதிப்பாசிரியர் கறாரானவர். கல்லும் வெளிச்சமும் மட்டும்தான், உயிருள்ள எதுவும் படத்தில் கூடாது.

தங்கை போனில் பிடித்துக்கொண்டாள். "அவனை எங்கிட்ட விட்டுட்டுப் போக்கா. இல்லேன்னா கயிறாவது கட்டு."

இத்தனை வருடம் கயிறில்லாமல் நடந்தவன். கண் போனதோடு மானமும் போக வேண்டுமா? கேமராவைத் தாங்கும் ட்ரைபாட்டின் காலை நீட்டினால் பூட்டு 'டக்' என்னும். அதுதான் அவனுக்கு உத்தரவு. என் முதுகுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிடுவான். படத்தில் வால் நுனிகூட விழாது. காது நன்றாக இருக்கிறதே, போதாதா?

மார்ச் 13, வெள்ளி

மூட்டை கட்டியாயிற்று. தங்கை வாயை அடைக்க ஒரு கயிறும் பையில் கிடக்கிறது.

மார்ச் 14, சனி — கூடாரத்தில்

கயிறு பையை விட்டு வெளியே வரவே இல்லை.

காலையில் நன்றாகத்தான் நடந்தான், என் பூட்ஸ் சத்தத்தை ஒட்டியே. பிளவுக்குள் சரியான இடம் கிடைத்தது. எதிர்ச் சுவரின் அடியில் வெள்ளம் குடைந்த குழி ஒன்று, என்னைவிட ஆழம். அவன்தான் எனக்குப் பின்னால் இருப்பானே என்று நினைத்தேன்.

ட்ரைபாட்டை நீட்டினேன். டக், டக், டக். எதிர்ச் சுவர் அதையே திருப்பிச் சொன்னது. அவன் காதை நிமிர்த்தி, அந்தச் சுவரை நோக்கி நடந்தான். சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் போனான், பாவி.

"மேனேஜர்!" என்று கத்தினேன். சுவர் என்னைவிடப் பலமாகக் கூப்பிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அங்கேயே போனான். மறுபடி கத்தினேன். ஐயோ, என்ன பண்றேன் நான்? கத்தக் கத்த நானே அவனைக் குழியில தள்ளுறேனே—

வாயைப் பொத்திக்கொண்டேன். ஓடினால் பூட்ஸும் எதிரொலிக்கும். அப்படியே நின்றேன். வாயை மூடிக்கொண்டிருப்பதைப்போலக் கஷ்டமான வேலை எனக்குக் கிடையாது, தங்கையைக் கேட்டால் தெரியும்.

குழியின் விளிம்பில் நின்றுவிட்டான். எந்தப் பக்கமும் சத்தம் இல்லை. அந்த நேரம் பார்த்து வெயில் இறங்கியது, நேராக அவன் மேல். இத்தனை நாள் நான் தேடி அலைந்த வெளிச்சம். கேமரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தொடவில்லை. ஒரு 'கிளிக்' போதும், ஒரு அடி எடுத்து வைத்துவிடுவான்.

காற்று என் பக்கமிருந்து அவனிடம் போய்க்கொண்டிருந்தது. மூக்கைத் தூக்கினான். மெல்லத் திரும்பினான். மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, என் முழங்காலை முகர்ந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் படுத்தான். உத்தரவை நிறைவேற்றிவிட்டானாம்.

அவனைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. வெயில் போய்விட்டது.

மார்ச் 15, ஞாயிறு

மேகம். திரும்புகிறோம். கயிறு கட்டினேன். ஒரு முனை அவன் கழுத்துப்பட்டையில், மறுமுனை என் இடுப்பில். ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை. மானம், மரியாதை எல்லாம் என் தலையில்தான் இருந்திருக்கிறது.

மார்ச் 18, புதன்

பதிப்பாசிரியர் கூப்பிட்டார். "வெளிச்சம் வரலையா?"

"வந்துச்சு. நாய் நின்னுச்சு."

"அட, எடுத்திருக்கலாமே. நாயை அழிச்சிருப்போமே!"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

மறுபடி அதே பிளவு, இடுப்பில் கயிற்றோடு. ட்ரைபாட்டைத் தாழ்வாக வைத்து, பூட்டுகளில் துணி சுற்றியிருந்தேன். சத்தம் இல்லை, அதனால் உத்தரவும் இல்லை. எனக்கு முன்னால் வந்து, என் பூட்ஸ் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டான். வெயில் இறங்கியது. கிளிக் செய்யும் நேரம் பார்த்து ஏதோ கேட்டுத் தலையைத் தூக்கினான். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு காது.

இன்னொன்று எடுக்க நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

"அது என்ன, கீழே?"

"காது."

"அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்."

போனில் பதிப்பாசிரியரின் மவுஸ் இரண்டு முறை 'கிளிக்' என்றது. "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

மாலை நடைக்குப் போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். இடுப்புக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. மேனேஜர் சமையலறைப் பக்கம் இழுக்கிறான், ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு. சாப்பாட்டு நேரமாம். போகிறேன்.