ஊசிக்கு வேண்டிய குளிர்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா என்று அம்மா கேட்கிறாள். படியில் வழுக்கி விழுந்ததில் அடிபட்ட அவள் வலது கைக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை, அதனால் அவள் சொல்லச் சொல்ல எழுதுவது நான்தான், எட்டாவதோடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் வரும்.

முதலில் நான் பார்த்தது அந்த ஒற்றை வைக்கோலை. நம் முள்ளெலி ஊசியின் பெட்டி வாசலில் குறுக்கே ஒரு வைக்கோல் வை, அது நகராமல் இருந்தால் குளிர்காலத் தூக்கத்திலிருந்து ஊசி எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயே, அது ஒரு சாயங்காலம் கீழே கிடந்தது. எடுத்து வைத்தேன். மறுநாள் சலவைக் கடையிலிருந்து வந்து பார்த்தால் மறுபடியும் கீழே. கொட்டகையில் வெப்பமானி நாலு டிகிரிதான் காட்டியது, கதவும் சாத்தித்தான் இருந்தது, எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில், அம்மா உட்காரும் நாற்காலிக்குக் கீழே, காய்ந்த இலைத் துணுக்குகள் கிடந்தன. அப்போது புரிந்தது. நான் வேலைக்குப் போனதும் அம்மா பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே கொண்டுவந்து, நான் வருவதற்குள் கொட்டகையில் வைத்துவிடுகிறாள்.

அவளைத் திட்டாதே அக்கா. கை கட்டிப்போட்ட மாதிரி நாள் முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறாள். தொட்டுப் பார்த்தேன்டி, கல்லு மாதிரி சில்லுன்னு கிடந்தான், மூச்சே தெரியல, மனசு கேக்கல என்று நேற்று ராத்திரிதான் சொன்னாள். சூடு பட்டதும் மெல்ல அசைந்து மூக்கை நீட்டினானாம், அவளுக்கு அது போதும், உயிரைப் பிடித்துக் கொடுத்த மாதிரி சந்தோஷம். சுற்றிலும் குளிர் இருந்தால்தான் அதன் உடம்பும் குளிர்ந்து நெஞ்சு மெதுவாக அடிக்கும், கொழுப்பு மிச்சமாகும், ஒவ்வொரு தடவை எழும்போதும் பல நாளுக்கான கொழுப்பு எரிந்துபோகும் என்று நீ என்னிடம்தான் சொன்னாய், அம்மாவிடம் சொல்லவில்லை. உறைகிற குளிரும் ஆகாது, வெதுவெதுப்பும் ஆகாது, அதற்குத்தான் நாலு டிகிரி. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லலாம் என்று தினமும் சமையலறை வரை போவேன், ஏன்டி ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கிற, என்ன வேணும் என்பாள் அவள், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இப்படியே பதினெட்டு நாள்.

பெட்டியைத் தூக்கினால் நாளுக்கு நாள் லேசாக வந்தது. நேற்று சாயங்காலம் வைக்கோல் வைத்தபடியே இருந்தது. இன்று அம்மா பெட்டியை எடுக்கவில்லை என்று நான் முட்டாள், சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உள்ளே பார்த்தேன். சுருண்டு கிடக்க வேண்டியது கால் நீட்டிக் கிடந்தது. நீ போகும்போது அறுநூற்றைம்பது கிராம், இப்போது நானூறுகூட இல்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூடி, இன்னும் கொஞ்சம் ஹீட்டரைக் கூட்டுடி, எழுந்துடுவான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கூட்டினேன். அதுவும் தப்பா என்று தெரியவில்லை. பெரியவளுக்குத்தான் அந்த ஊர்ல ஒரு போர்வை இழுத்துவிட ஆளில்லை, இவனுக்காவது செய்யலாம்னு பார்த்தேன் என்றாள்.

இன்று கடிதம் எழுத உட்கார்ந்ததும், ஊசி நல்லாத் தூங்குதுன்னு ஒரு வரி போட்டுடு, பனி உருகினதும் திறந்துவிடலாம்னு ஆசையா இருக்கா, பரீட்சை முடியட்டும் என்றாள். தலையை ஆட்டிவிட்டு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னது நாலு வரி, நீ என்னடி நாவல் எழுதுற என்று எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தக் குறையும் வரக்கூடாது என்று அம்மா ஆசி சொல்கிறாள். காதை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டுமாம், ஈரத் தலையோடு படுக்கக் கூடாதாம்.

இங்கே நிறுத்திவிட்டு, முதல் வரியிலிருந்து அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தையும் விடவில்லை. கேட்டு முடித்ததும் அவள் இடது கையை நீட்டினாள். பேனாவைக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
அம்மா