வியாழக்கிழமை தேய்த்த சட்டி

அக்கா,

கையில் இன்னமும் சாம்பலும் தேசிக்காய்ப் புளியும் மணக்கின்றன. இன்று வியாழன். நாளை வெள்ளி என்பதால் மீன் காய்ச்சிய சட்டியைத் தேய்த்து வெளியே கவிழ்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீங்கள் கண்மூடிய பிறகு வேலிக்கு அப்பாலிருந்து சட்டி தேய்க்கும் சத்தம் வருவதில்லை.

அண்ணை, உங்கள் கணவர், இறந்ததும் ஒரு வியாழன்தான். மத்தியானம் உங்கள் மீன்குழம்போடு சாப்பிட்ட மனுசன் பின்னேரம் நுரை தள்ளி விழுந்தார். உடலில் பூச்சிமருந்து என்று அறிக்கை வந்தது. மிளகாய்த் தோட்டத்துக்கு அதை வாங்கி வந்தது நீங்கள். சமைத்ததும் நீங்கள். "நானும் அதே குழம்புதான் சாப்பிட்டனான்" என்றீர்கள், கண்டவர் எவருமில்லை.

பொலிஸார் என்னிடம், "அவர் விழ முதல் அவ என்ன செய்தவ?" என்று கேட்டார்கள். "சட்டி தேச்சவ" என்றேன். வியாழன் பின்னேரம் பாலையூற்றில் எங்கள் வீடுகளில் அதுதான் நடக்கும் என்று சேர்த்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வரி வழக்கில் "தடயத்தை அழித்தார்" என்று ஆனது. தீர்ப்பு வரும்வரை இரண்டு வருடம் விளக்கமறியல் சிறையில் இருந்தீர்கள்.

விசாரணை நாளில், எங்கள் நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் நீதிமன்ற வளவுக்குள்ளும் நின்றன. உங்கள் சட்டத்தரணி என்னைக் கேட்டார்:

"அண்டைக்கு மட்டுமோ தேச்சவ?"

"இல்லை ஐயா, ஒவ்வொரு வியாழனும். மச்சம் காய்ச்சின சட்டி வெள்ளிக்கிழமை குசினிக்குள்ள இருக்கக் கூடாது."

"உங்கட வீட்டிலயும் அப்பிடியோ?"

"ஓம். அண்டைக்கு நானும்தான் தேச்சனான். என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை."

சிரிப்பு எழுந்தது. கூண்டுக்குள் நீங்களும் வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

நஞ்சு குழம்பில்தான் இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை, அவராகவே குடித்திருக்கவும் கூடும், நியாயமான சந்தேகத்தின் பலன் உங்களுக்கே என்று நீதிபதி விடுவித்தார். நீங்கள் செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் பிறகு ஒருவரும் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

நான் வந்தேன். சோறும் பாரைமீன் குழம்பும் போட்டுத் தந்தீர்கள். குழைத்த கை வாய்க்குப் போகாமல் ஒரு கணம் நின்றது. நான் நிறுத்தவில்லை அக்கா, அது தானாக நின்றது. கண்டுவிட்டீர்கள்.

"உன்ர தீர்ப்பு என்னடி?" என்று சிரித்தபடி என் சோற்றில் ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டீர்கள். "இப்ப சாப்பிடு, ஆறப்போகுது."

"நான் அப்பிடி நினைக்கேல்லை அக்கா."

"நினைச்சாலும் பரவாயில்லை. வந்தனிதானே."

அதன்பின் நோய் உங்களைப் படுக்கையில் போடும்வரை, ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டீர்கள். "உப்புப் பாக்கிறன்" என்பீர்கள். அந்தக் குசினியில் அன்று என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. உங்கள் கையால் வயிறு நிறையச் சாப்பிட்டது மட்டும் தெரியும். ஒருநாள், ஒரே ஒருநாள், உங்கள் கையைப் பிடித்து "உப்புப் பார்க்க வேண்டாம் அக்கா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாத அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.