ஏழு காட்டும் பலகை

மார்ச் 2

ஆலை வாயிலில் இன்று எண்பலகை ஒளிர்ந்தது. நெடும் போராட்டத்தின் பயன். வாய்க்காலில் விடும் கழிவுநீரில் அமிலம் மிகுந்தால் எண் ஏழுக்குக் கீழிறங்கும். காரம் மிகுந்தால் மேலேறும். "ஏழு என்று கண்டால் மடையைத் திறவுங்கள். இப்பலகை பொய்யுரைக்காது" என்று முழங்கினேன். கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

மார்ச் 19

இன்றும் ஏழு. தேநீர்க் கடையில் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

மார்ச் 23

தங்கை வந்தாள். அவ்வாலையின் அளவுக்கருவிகளைப் பேணுபவள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, தண்ணியில வச்சு அளக்குற எலக்ட்ரோடு செத்துப்போச்சு. கசடு அப்பிக் கெடந்துச்சு, கழுவிப் பாத்தா கண்ணாடி முனையில விரிசல். எலுமிச்சைச் சாத்துல வச்சேன், ஏழு. சோப்புத் தண்ணியில வச்சேன், ஏழு. இனிமே எதுல வச்சாலும் ஏழுதான்."

அமிலம் பட்டால் சிவக்கும் நிறத்தாளை நனைத்துப் பார்த்தாளாம். வாய்க்கால் நீர் கடும் அமிலம்.

"பலகையை அணைத்துவிடு."

"எனக்கு ஏதுண்ணே அந்த அதிகாரம்?"

மார்ச் 24

ஆலை மேலாளர் நாற்காலி தந்து உபசரித்தார். "கசடு அடைக்காத எலக்ட்ரோடு வெளிநாட்டுலேருந்து வரணும் ஐயா, மாசக்கணக்காகும். அதுவரைக்கும் ஏழுன்னே இருக்கட்டுமே. நீங்க கேட்ட நம்பர்தானே?"

எழுந்து வெளியே வந்தேன்.

மார்ச் 26

சந்தை முனையில் ஒலிபெருக்கி பிடித்தேன். பலகையை நம்பாதீர்கள் என்றேன். "அன்னிக்கு மேடையில பேசினது யாரு, உங்க தம்பியா?" — கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு. அதன்பின் என் சொல் எதுவும் நிற்கவில்லை.

மார்ச் 27

மழையில்லை. தங்கை கணவரின் தக்காளி நாற்று வாடுகிறது. ஆண்டு முழுமைக்கும் அக்குடும்பத்திற்கு அதுவே பெரும் வரவு. "உங்கண்ணன் சொல்லி ஊரே கேக்குது, நீ மாத்திச் சொல்றியா?" என்று அவளை அடக்கிவிட்டாராம். நானே போனேன்.

"மச்சான், நீங்க இன்னிக்கு ஒண்ணு பேசுவீங்க, நாளைக்கு ஒண்ணு பேசுவீங்க. போர்டு பேசாது. அதனால நம்புறேன்."

மார்ச் 28

மடைமுன் நின்றேன். "தள்ளுங்க மச்சான், கால் நனையும்." தள்ளி நின்றேன். தங்கை நனைத்த தாளை நீட்டினாள். செக்கச்சிவப்பு. அவர் திரும்பிப் பார்க்காமல் மடையைத் திறந்தார்.

ஏப்ரல் 4

நாற்றங்கால் முழுதும் கருகிக் கிடக்கிறது. மாப்பிள்ளை குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். திட்டியாவது இருக்கலாம்... திட்டித் தொலைச்சிருக்கலாம்.

திரும்பும் வழியில், ஆலை வாயிலில் கடைமடை உழவர் இருவர் மண்வெட்டியோடு நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் கைகூப்பினர். "உங்க புண்ணியத்துலதான் ஐயா." நடந்ததையெல்லாம் சொன்னேன். பணிவோடு தலையாட்டிக் கேட்டுவிட்டு, மடைப்பக்கம் நடந்தார்கள்.